ஃபாக்ஸ்புரோவிலிருந்து இஆர்பிநெக்ஸ்ட்: பீன்யா மெஷின் ஷாப் ஒன்றில் இரண்டு நிதியாண்டுப் பயன்பாடு

ஸ்டோர்ஸ், பில்லிங்குக்கான பழைய ஃபாக்ஸ்புரோ சிஸ்டம் எதையும் தடுக்காது. இருப்பில் இல்லாத பொருளுக்கு டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போடலாம், போன மாத பில்லைத் திறந்து விலையை மாற்றலாம், ஒரே பார்ட்டியை (வாடிக்கையாளர் அல்லது சப்ளையரை) மூன்று பெயரில் உருவாக்கலாம். புதிய இஆர்பிநெக்ஸ்ட் ஒவ்வொன்றையும் தடுக்கும். மாற்றத்தின் வலி முக்கால்வாசி இந்த இடத்தில்தான். பலனும் இங்கிருந்துதான் வருகிறது.

நிறுவனம் பெங்களூரு பீன்யாவில். சிஎன்சி (கணினி இயக்கும்) மெஷின்களில் டர்னிங், மில்லிங். பிளேட்டிங் (உலோகப் பூச்சு) காமாட்சிபாளையாவில் ஜாப் வொர்க், அதாவது பொருளை வெளியாளிடம் கொடுத்து வேலையை முடித்து வாங்குவது. வாடிக்கையாளர்களில் கணிசமானவர்கள் ஓசூரில். ஸ்டோர்ஸும் பில்லிங்கும் விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பழைய புரோகிராமில் ஓடின, கணக்கு டேலியில், இரண்டுக்கும் நடுவே எக்செல். 2024 ஏப்ரல் 1 முதல் எல்லாம் இஆர்பிநெக்ஸ்ட் 15ஆம் பதிப்பில். மும்பை ஃபிராப்பே நிறுவனத்தின் திறமூல மென்பொருள் அது. ஜிஎஸ்டி வேலைக்கு 'இந்தியா கம்ப்ளையன்ஸ்' என்ற தனி ஆப் கூடவே வேண்டும். 14ஆம் பதிப்பிலிருந்து இந்திய வரி வசதிகள் அந்த ஆப்புக்குப் போய்விட்டன.

ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004இல் வந்தது, மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது. ஆனாலும் விண்டோஸ் 10இல் சமர்த்தாக ஓடும். அதனால்தான் யாரும் தொடமாட்டார்கள். ஃபாக்ஸ்புரோ தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பு ஒன்று 2 ஜிபிக்கு மேல் வளராது, ஆகவே ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர். நாலைந்து பேர் நெட்வொர்க்கில் திறந்து வைத்திருக்கும்போது கரண்ட் போனால் இன்டெக்ஸ் கெட்டுவிடும், காலையில் ரீஇன்டெக்ஸ் போட்டுவிட்டுத்தான் முதல் பில். இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதபடி செய்தவை இரண்டு விதிகள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகியாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியக்கூடாது. சரக்கும் பில்லும் ஃபாக்ஸ்புரோவில் ஓடினால் ஆடிட்டர் அதையும் சேர்த்தே கேட்பார். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு போர்ட்டலில் பதிவது) கட்டாயமானது. பில்லை ஒருமுறை அடித்துவிட்டு அதையே போர்ட்டலுக்காக இன்னொருமுறை அடிப்பது மாதக் கடைசியில் நடக்கிற காரியம் இல்லை.

தரவை வெளியே எடுப்பது

டிபிஎஃப் கோப்பை லிப்ரேஆபிஸ் திறக்கும், பைத்தானில் டிபிஎஃப்ரீட் என்ற நூலகமும் இருக்கிறது. இரண்டாவது மேல். ஃபாக்ஸ்புரோவில் ஒரு பதிவை அழித்தால் அது அழிவதில்லை, அழித்ததாக ஒரு குறி மட்டும் விழும். 'பேக்' கட்டளை கொடுக்கும்வரை பதிவு கோப்பிலேயே கிடக்கும். குறியைப் பார்க்காத கருவியில் எடுத்தால், பத்து வருடத்துக்கு முன் ரத்தான பில்கள் உயிரோடு எழுந்து வந்து பார்ட்டி பாக்கியில் உட்காரும். ஒவ்வொரு அட்டவணையிலும் மொத்தப் பதிவு, குறி விழுந்த பதிவு, எடுத்த பதிவு மூன்றையும் எண்ணி ஒத்துப்பாருங்கள்.

அடுத்த கண்ணி எக்செல். 00457 என்ற பார்ட் நம்பர் 457 ஆகும். 10-12 தேதியாகும். நடுவில் ஆங்கில 'இ' எழுத்து இருக்கும் 3இ12 மாதிரியான எண் மூன்று லட்சம் கோடியாக விரியும். சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கவே கூடாது. 'டேட்டா' மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, பார்ட் நம்பர் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்த பிறகே தொடவேண்டும்.

பார்ட்டி மாஸ்டரில் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை முகவரியோடு ஒப்பிடுங்கள். கர்நாடகம் 29, தமிழ்நாடு 33. ஓசூர் முகவரியோடு 29 இருந்தால், அவர்களின் பெங்களூரு அலுவலக எண்ணை யாரோ போட்டிருக்கிறார்கள். பழைய சிஸ்டத்தில் வரியைக் கையால் தேர்ந்தெடுத்ததால் இது வெளியே தெரியாது. புதியது மாநில எண்ணைப் பார்த்துத் தானே ஐஜிஎஸ்டியா (வெளிமாநில விற்பனை), சிஜிஎஸ்டி-எஸ்ஜிஎஸ்டியா (உள்மாநில விற்பனை) என்று முடிவு செய்யும்.

எல்லாவற்றையும்விட நேரம் தின்றது அளவை அலகு. கம்பி கிலோவில் வருகிறது, பார்ட் எண்ணிக்கையில் போகிறது. உருண்டை இரும்புக் கம்பிக்கு மீட்டருக்கான எடை, விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் வரும். 25 மிமீ கம்பி மீட்டருக்கு 3.858 கிலோ. 120 மிமீ பார்ட், வெட்டுக்கு 3 மிமீ என்றால் கணக்குப்படி ஒன்றுக்கு 0.4745 கிலோ. பெரும்பாலான பொருள் பட்டியலில் (ஒரு பார்ட்டுக்கு எவ்வளவு மூலப்பொருள் என்ற பட்டியல்) இந்த எண்தான் இருக்கும், அது தவறு. 6 மீட்டர் கம்பியில் 48 பார்ட்தான் வரும், 96 மிமீ துண்டு மிஞ்சும். துண்டையும் சேர்த்தால் ஒன்றுக்கு 0.4823 கிலோ. பத்தாயிரம் பார்ட்டுக்கு 77 கிலோ வித்தியாசம். ஸ்டோர்ஸில் கம்பி 'காணாமல்' போகிறது என்று வருடக்கணக்கில் நடக்கும் சண்டைக்கு இதுதான் மூலம். பொருள் பட்டியலில் முழுக் கம்பிக் கணக்கைப் போட்டு, மிச்சத் துண்டை ஸ்கிராப் வரியில் காட்டுங்கள்.

கூடவே ஒன்று: இஆர்பிநெக்ஸ்ட்டில் எண்களின் துல்லியம் இயல்பாக மூன்று தசமம். 8 மிமீ கம்பியில் 15 மிமீ நீளப் பார்ட், வெட்டோடு 0.0071 கிலோ. மூன்று தசமத்தில் அது 0.007 ஆகிவிடும், ஒன்றரை சதவீதம் அங்கேயே போச்சு. முதல் என்ட்ரிக்கு முன்பே சிஸ்டம் செட்டிங்ஸில் ஆறு தசமமாக்கிவிடவும்.

தொடக்க இருப்பும் பில் எண்ணும்

ஏப்ரல் 1 நல்ல தேதிதான். மார்ச் 31 அன்று சரக்கை எப்படியும் எண்ணுவார்கள். ஆனால் ஆடிட் முடிந்த இருப்புநிலை கைக்கு வர இன்னும் மாதங்கள் ஆகும். அதுவரை தாற்காலிக எண்களோடு ஓடி, பிறகு ஜர்னலில் சரிசெய்ய வேண்டியிருக்கும். பார்ட்டி பாக்கியை ஒற்றைத் தொகையாக ஏற்றவேண்டாம், பில் வாரியாக ஏற்றுங்கள். பழைய சிஸ்டத்தில் வந்த பணத்தை எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் மொத்தமாக வரவு வைத்திருப்பார்கள். அதைப் பிரிப்பது கணக்கரின் வேலை, மென்பொருள்காரர்களால் ஆகாது. எல்லாம் ஏற்றிய பிறகு 'டெம்பரரி ஓப்பனிங்' கணக்கு பூஜ்யத்தில் நிற்கவேண்டும். நிற்கவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

பிளேட்டரிடம் கிடக்கும் சரக்கும் தொடக்க இருப்புதான். ஒவ்வொரு ஜாப் வொர்க்கருக்கும் ஒரு கிடங்கு உருவாக்கி, அவர்களிடம் எழுத்தில் இருப்பு வாங்கி ஏற்றவும். இங்கே வாய்ச்சொல் செல்லாது.

ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்தைத் தாண்டக்கூடாது. இஆர்பிநெக்ஸ்ட்டோடு வரும் பழைய பாணி எண்வரிசை, முன்னொட்டும் நான்கு இலக்க ஆண்டும் சேர்ந்து 19 எழுத்து. இது எல்லோர் கண்ணிலும் படும். கண்ணில் படாதது: பில்லை ரத்து செய்து திருத்தினால் எண்ணின் பின்னால் '-1' ஒட்டிக்கொள்ளும். 15 எழுத்தில் வரிசை வைத்தவர்கள் முதல் திருத்தத்தில் மாட்டுவார்கள். இரண்டு எழுத்து முன்னொட்டு, 2425 என்று நிதியாண்டு, ஒரு கோடு, ஐந்து இலக்கம்: மொத்தம் 12, திருத்தினாலும் 14. ஆண்டுக்கு 'ஒய்ஒய்' குறியை வைத்தால் அது காலண்டர் ஆண்டு. ஜனவரியில் வரிசை திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும், ஆடிட்டர் கேள்வி கேட்பார். நிதியாண்டு முன்னொட்டை ஏப்ரல் 1 காலையில் கையால் மாற்றுவதே நிம்மதி. ஆண்டின் நடுவில் மாறுபவர்கள் முற்றிலும் வேறு முன்னொட்டு எடுக்கவும். பழைய எண் திரும்ப வந்தால் போர்ட்டல் 2150 என்ற பிழையோடு திருப்பி அனுப்பும், ஒரே எண் இரண்டாம் முறை என்று அர்த்தம். இ-இன்வாய்ஸை போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான். அதன் பிறகு கிரெடிட் நோட்டு ஒன்றே வழி.

'மாலு இருக்கு, சிஸ்டம் இல்லேங்குது'

ஆரம்ப மாதங்களில் ஸ்டோர்ஸிலிருந்து தினமும் வந்த புகார்: "சார், மாலு கண்ணு முன்னாடி இருக்கு, சிஸ்டம் இல்லேங்குது." காரணம் எப்போதும் ஒன்றுதான். லோடு சாயங்காலம் வருகிறது, நைட் ஷிஃப்ட் கம்பியை எடுத்து மெஷினில் போட்டுவிடுகிறது, ஜிஆர்என் (சரக்கு வரவுப் பதிவு) மறுநாள் காலை தரச் சோதனைக்குப் பிறகு. சிஸ்டத்தின் பார்வையில் இல்லாத கம்பியை எடுத்திருக்கிறார்கள். உடனே எல்லோருக்கும் தோன்றும் தீர்வு, ஸ்டாக் செட்டிங்ஸில் நெகட்டிவ் ஸ்டாக்கை அனுமதிக்கும் டிக்.

அதைப் போடாதீர்கள். இருப்பு மைனஸில் போகும்போது வெளியே போன சரக்குக்கு உண்மையான விலை கிடையாது. பின்தேதியில் ஜிஆர்என் வந்ததும் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு அசைவையும் சிஸ்டம் பின்னணியில் திரும்ப மதிப்பிடும். மாதம் முடிந்து லாபம் பார்த்த பிறகும் எண் நகரும், சர்வரும் திணறும். பலனளித்த ஏற்பாடு வேறு: லோடு இறங்கியதும் கேட்டிலேயே எடைச்சீட்டோடு 'சோதனையில்' என்ற கிடங்குக்கு ஜிஆர்என், தரம் பார்த்தபின் ஸ்டோர்ஸுக்கு மாற்றம். நைட் ஷிஃப்டில் அந்த மாற்றத்துக்கு மட்டும் அனுமதியுள்ள ஒரு ஆள். பிறகு ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முந்தைய மாதத்தை யாரும் திருத்த முடியாதபடி உறையவைப்பது. ஸ்டாக்குக்கும் கணக்குக்கும் உறையும் தேதி தனித்தனி இடத்தில் இருக்கிறது, இரண்டையும் வைக்கவேண்டும்.

ஜாப் வொர்க் பகுதி கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் இங்கேதான் பணம் மீந்தது. அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த டி.சி. எத்தனை நாளாக நிற்கிறது என்பது இப்போது ஒரே ரிப்போர்ட். ஜாப் வொர்க் சரக்குக்கான ஜிஎஸ்டி படிவம் ஐடிசி-04க்கு (5 கோடிக்கு மேல் என்றால் அரையாண்டுக்கு ஒருமுறை) டி.சி. புத்தகத்தைப் புரட்டவேண்டியதில்லை. ஓசூர் ஜாப் வொர்க்கருக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான மின் சீட்டு) வேண்டும். 50,000 ரூபாய் வரம்பு அங்கே பொருந்தாது.

பிளேட்டிங்கில் மட்டும் ஒரு வினோதம். சின்னப் பார்ட்டுகளை எடைபோட்டுத்தான் எண்ணுவார்கள். மேலே சொன்ன 8க்கு 15 மிமீ உருளையின் எடை சுமார் 5.9 கிராம். 10 மைக்ரான் துத்தநாகம் ஏறினால் 34 மில்லிகிராம் கூடும். பழைய ஒற்றை எடையை வைத்து எண்ணினால், 10,000 அனுப்பியதற்கு ஏறத்தாழ 58 கூடுதலாகத் திரும்பியதாகக் காட்டும். சிஸ்டம் ஏற்காது. ஆளுக்கொரு பக்கம் கத்துவார்கள். திரும்பிய சரக்கில் நூறை எண்ணி எடைபோட்டு, அந்தப் புது ஒற்றை எடையால் கணக்கிட்டால் போதும். அதிக வரவுக்கான சதவீதத்தைக் கூட்டிவைப்பது நிஜமான குறைவையும் மறைத்துவிடும்.

திருப்தி தராதது ஷாப் ஃப்ளோர். ஆபரேட்டர் டேப்லெட்டில் ஜாப் கார்டை (வேலைச் சீட்டை) தொடங்கி முடிப்பார் என்று டெமோவில் காட்டுவார்கள். கூலன்ட் கையோடு யாரும் தொடுவதில்லை. ஷிஃப்ட் முடிவில் சூப்பர்வைசர் தாளைப் பார்த்து ஏற்றுகிறார், அதனால் மெஷின் நேரம் பற்றிய எண்கள் தோராயமே. அவற்றை வைத்துச் செலவுக் கணக்குப் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எதிர்பாராமல் உதவியது சப்ளையர் மாஸ்டர். பீன்யா சப்ளையர்களில் பலர் குறு, சிறு நிறுவனங்கள். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று இருந்த விதிப்படி ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகாமல் பணம் தரவேண்டும், தவறி, ஆண்டு முடிவிலும் பாக்கி நின்றால் அந்த ஆண்டு செலவாகக் காட்ட முடியாது. உத்யம் (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வகையை ஒரு புலமாகச் சேர்த்து, பாக்கி வயதுப் பட்டியலை அதன்படி வடிகட்டினால் மார்ச்சில் ஓடவேண்டாம். வியாபாரிகள் இதில் வரமாட்டார்கள், உற்பத்தியும் சேவையும் மட்டும்.

பயனருக்கு இவ்வளவு என்ற லைசென்ஸ் கட்டணம் இல்லை என்பதை வைத்து மலிவு என்று எண்ணவேண்டாம். செலவு அமைத்துத் தரும் பார்ட்னரிடம் போகும். மூல நிரலைத் தொட்டு மாற்ற எந்தப் பார்ட்னரையும் விடாதீர்கள். தேவையான மாற்றம் தனி ஆப்பாகவோ கஸ்டம் ஃபீல்டாகவோ இருக்கட்டும். 15ஆம் பதிப்பில் சீரியல், பேட்ச் எண்களைச் சேமிக்கும் முறையே மாறியது. பழைய பேட்ச் புலத்தை நம்பி எழுதிய பிரிண்ட் ஃபார்மட்டுகளுக்கு அங்கே வேலை வரும். பதிப்புகளைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது, 13லிருந்து 14 வழியாகத்தான் 15.

பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் எடுக்கவேண்டும் என்பது கம்பெனிச் சட்ட விதி. தரவுத்தளம் மட்டும் போதாது. இணைப்புக் கோப்புகளும் சைட் கான்ஃபிக் கோப்பும் சேர்ந்து இருக்கவேண்டும். அதில் இருக்கும் என்கிரிப்ஷன் கீ இல்லாமல் மீட்டால் கணக்கு வரும், மெயில் மற்றும் இ-இன்வாய்ஸ் கடவுச்சொற்கள் திறக்காது. கீயை அச்செடுத்து கம்பெனியின் லாக்கரில் வையுங்கள், பார்ட்னரின் லேப்டாப்பில் மட்டும் இருக்கக்கூடாது. மாதம் ஒருமுறை வேறு கணினியில் மீட்டு, நேற்றைய டிரையல் பேலன்ஸ் ரூபாய் பைசாவோடு ஒத்துவருகிறதா என்று கணக்கரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.