வேவ்லெட்டில் பிரித்த சிக்னலைத் திரும்பச் சேர்ப்பது: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

வேவ்லெட் என்பது ஒரு சிறு அலைத்துணுக்கு; அதை நீட்டியும் குறுக்கியும் ஒரு சிக்னலை வெவ்வேறு கால அளவுகளின் ஏற்ற இறக்கங்களாகப் பிரிக்கலாம். அப்படிப் பிரித்ததை அப்படியே மீட்க முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அளவுகளை இரண்டிரண்டு மடங்காகத் தாவும் டி.டபிள்யூ.டி. (தனித்த வேவ்லெட் உருமாற்றம்) என்றால் தாராளமாக முடியும். பைவேவ்லெட்ஸ் என்ற பைத்தான் நிரல் நூலகத்தில் பிரித்துச் சேர்த்தால், மூலத்துக்கும் மீட்டதற்கும் உள்ள வித்தியாசம் பதினைந்தாவது தசம இடத்தை ஒட்டித்தான் தலைகாட்டும். புள்ளிகள் ஒற்றைப்படையில் இருந்தால் கடைசியில் ஒன்று கூடுதலாக வரும், வெட்டிவிட்டால் போதும்.

என் கோபமெல்லாம் அளவுகளை நாம் விரும்பியபடி நெருக்கமாக எடுக்க விடும் சி.டபிள்யூ.டி. (தொடர் வேவ்லெட் உருமாற்றம்) மீதுதான். பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டை ஒட்டிய நினோ 3 பகுதியின் கடல் மேற்பரப்பு வெப்பநிலையை வைத்து வேலை செய்கிறேன். அந்தக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ எப்போது வலுத்தது, எப்போது ஓய்ந்தது என்பதை சி.டபிள்யூ.டி.யின் வண்ணப் படம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். அங்கிருந்து வெப்பநிலைக் கோட்டுக்குத் திரும்புவதுதான் பெரும்பாடு. நான் பயன்படுத்தும் பைவேவ்லெட்ஸ் பதிப்பில் அதற்கான வசதியே இல்லை. ஆய்வாளர்கள் டோரன்ஸும் காம்போவும் 1998இல் வெளியிட்ட சூத்திரமே கதி: ஒவ்வொரு அளவிலும் கெழுவின் (அந்த அலை சிக்னலோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற எண்ணின்) மெய்ப்பகுதியை அந்த அளவின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கூட்டி, பிறகு ஒரு மாறிலியை வைத்துச் சரிக்கட்ட வேண்டும்.

அந்த மாறிலிதான் என் தலைவலி. நான் எடுக்கும் மோர்லே என்ற வகை வேவ்லெட்டின் மைய அதிர்வெண் 6 என்றால் அது 0.776. ஆறை எட்டாக்கினால் அந்த மதிப்பு செல்லாது, புதிதாகக் கணக்கிட வேண்டும். கணக்கிடாமல் விட்டால் எச்சரிக்கை எதுவும் வராது. மேடு பள்ளங்கள் எல்லாம் சரியான மாதத்தில் விழும். உயரம் மட்டும் பொய் சொல்லும். கோடு தாறுமாறாக வந்திருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

சராசரியும் மீளாது. வேவ்லெட்டின் சராசரியே பூஜ்யம் என்பதால் அது கெழுக்களில் பதிவதில்லை. முன்பே எடுத்துவைத்துக் கடைசியில் கூட்ட வேண்டும். அது நியாயம்தான்.

இருந்தும் டி.டபிள்யூ.டி.க்கு மாற மாட்டேன். தொடரை ஒரு மாதம் நகர்த்தினாலே அதன் கெழுக்கள் வேறாகிவிடுகின்றன. மாதத் தரவை 16-32, 32-64, 64-128 மாதங்கள் நீளும் அலைகள் என்று அது தன் இஷ்டத்துக்கு வெட்டும். எனக்கு வேண்டியதோ 24 முதல் 96 மாதம் வரை. சி.டபிள்யூ.டி.யில் அந்த அளவுகளை மட்டும் கூட்டியபோது, மாதாந்தர இரைச்சல் அடங்கி, 1982-83, 1997-98 எல் நினோக்கள் தெளிவாக எழுந்து நின்றன. அந்தக் கோட்டைப் பார்த்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

தரவைச் சுருக்கவோ இரைச்சல் நீக்கவோ என்றால், நண்பரே, டி.டபிள்யூ.டி. போதும். என்னைப் போல் சி.டபிள்யூ.டி.யைத்தான் எடுப்பீர்கள் என்றால், முதலில் எல்லா அளவுகளையும் கூட்டி மூலத்தோடு உயரத்தை ஒப்பிடுங்கள். அது பொருந்திய பிறகு உங்களுக்கு வேண்டிய அளவுகளின் பட்டையைப் பிரியுங்கள்.