பாயிங்க் மென்பொருள்: நிறுவுவது எளிது, சரிப்படுத்துவதுதான் வேலை

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் 2002இல் உருவாகத் தொடங்கிய பாயிங்க், வீட்டுக் கணினியின் உபரித் திறனை அறிவியல் கணக்கீடுகளுக்கு வழங்க உதவும் இலவசத் திறமூல மென்பொருள். இதன் மூத்த திட்டமான, வேற்றுலக அறிவுயிர்களைத் தேடிய செட்டி அட் ஹோம் 2020 மார்ச் இறுதியோடு புதிய பணிகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் 2010இல் அயோவாவிலும் ஜெர்மனியிலும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகள் வழியாகப் பல்சார் எனப்படும் புதிய துடிப்பு விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த ஐன்ஸ்டைன் அட் ஹோமும், பகா எண்களைத் தேடும் பிரைம்கிரிட்டும் இன்றும் இதன் மேல்தான் ஓடுகின்றன. நிறுவுவதில் சிரமம் ஏதுமில்லை. நிறுவிய நிலையிலேயே விட்டுவிட்டால், செலவாகும் மின்சாரத்துக்கு ஈடான கணக்கீடு கிடைப்பதில்லை என்பதே இதன் பெரிய குறை.

விருப்ப அமைப்புகளைத் திறந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சதவீதப் பெட்டிகள் இருக்கும். செயலியின் கணக்கிடும் அலகுகளான கோர்களில் எத்தனையைப் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. செயலியின் நேரத்தில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. கணினி சூடாகிறது என்றதும் பலர் கைவைப்பது இரண்டாவதில்தான். அது வேகத்தைக் குறைப்பதில்லை. சில விநாடிகளுக்கு ஒருமுறை பணியை நிறுத்தி மீண்டும் ஓட்டுகிறது. அதனால் வெப்பம் ஏறி இறங்குகிறது; மின்விசிறியும் அதற்கேற்ப இரைந்து அடங்குகிறது. அதை 100 சதவீதத்திலேயே விட்டுவிட்டு, முதல் பெட்டியைக் குறைப்பதே முறை. ஒரு கோர் ஒரே நேரத்தில் கையாளும் வேலைத் தடங்களே இழைகள்; பாயிங்க் இழைகளையே கோர்களாக எண்ணுவதால், 8 கோரும் 16 இழைகளும் கொண்ட செயலியில் 50 சதவீதம் என்பது 8 பணிகளைக் குறிக்கும்.

உண்மையான ஆதாயம், செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான கேச் நினைவகத்தில் இருக்கிறது. பிரைம்கிரிட்டின் பெரிய எண்களைச் சோதிக்கும் பணிகள், ஃபூரியர் உருமாற்றம் என்னும் கணித முறையைக் கொண்டு அவற்றை விரைவாகப் பெருக்குகின்றன. உருமாற்றத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் 8 பைட் தேவை என்பதால், 1024 கே அளவுள்ள, அதாவது சுமார் பத்து லட்சம் உறுப்புகள் கொண்ட, உருமாற்றம் ஒன்று 8 எம்பி இடத்தைப் பிடிக்கும். 32 எம்பி எல்3 கேச் உள்ள ரைசன் 7 5800எக்ஸ் செயலியில் இப்படிப்பட்ட 16 பணிகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் 128 எம்பி தேவைப்படும். கேச்சில் அடங்காத தரவு ரேமுக்கும் செயலிக்கும் இடையே அலைந்துகொண்டிருக்க, கோர்கள் காத்துக்கிடக்கும். பணி மேலாளரில் 100 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மாறாக, ஒவ்வொன்றுக்கும் 4 இழைகள் என்று பிரைம்கிரிட் கணக்குப் பக்கத்தில் குறித்து இரண்டே பணிகளை ஓட்டினால் 16 எம்பியோடு முடிந்துவிடும். இவ்வளவு முக்கியமான கணக்கைப் பயனரே போட்டுக்கொள்ள வேண்டியிருப்பது நியாயமாகப் படவில்லை.

அடுத்தது மின்சாரம். இதே செயலி இயல்பு நிலையில் 142 வாட் வரை இழுக்கும். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், மின்சாரம் சேமிக்கும் ஈகோ முறையில் 65 வாட் என்று பெயரிட்ட நிலையைத் தேர்ந்தால் உண்மையில் 88 வாட்டோடு நிற்கும். மின்சாரம் குறையும் அளவுக்கு வேகம் குறைவதில்லை. இரவும் பகலும் ஓடும் 100 வாட் சுமை ஒரு நாளைக்கு 2.4 யூனிட், அறுபது நாளுக்கு 144 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விகிதமும் உயர்ந்துவிடுகிறது. ஆகவே, ஏசி ஓடும் மாதங்களில் பாயிங்கின் நேர அட்டவணையைக் கொண்டு இரவு நேரத்துக்கு மட்டும் ஒதுக்குவது நல்லது.

வேகத்துக்காக ரேமை மிகைவேகத்தில் இயக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல திட்டங்களில் ஒரே பணி இரண்டு கணினிகளுக்குப் போகும். விடைகள் ஒத்துப்போனால்தான் செய்த வேலைக்கான மதிப்பெண் கிடைக்கும். விளையாட்டுகளில் எந்தத் தடுமாற்றமும் காட்டாத கணினி, இந்தக் கணக்கில் பிழையான விடையைத் தரக்கூடும். பிரைம்95 மென்பொருளின் சித்திரவதைச் சோதனையை, பெயருக்கு அஞ்சாமல், ஓர் இரவு முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே பணிகளை இறக்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு இருந்தால் ஐன்ஸ்டைன் அட் ஹோமே பொருத்தமானது. அதன் கணக்குப் பக்கத்தில் பயன்பாட்டு அளவை 0.5 என மாற்றினால் ஒரு கார்டில் இரண்டு பணிகள் சேர்ந்து ஓடும். ஒன்று செயலிக்காகக் காத்திருக்கையில் மற்றது கார்டைப் பயன்படுத்திக்கொள்ளும். கார்டின் பணிகளுக்கென்று செயலியில் ஓர் இழையை விட்டுவைப்பது அவசியம். என்விடியா கார்டின் வாட் வரம்பை என்விடியா எஸ்எம்ஐ கட்டளையால் குறைக்கலாம். கணினியை மறுதொடக்கம் செய்தால் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சிறு அமைப்புகளில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். நிறுத்திவைத்த பணியை நினைவகத்திலேயே விடும் பெட்டியில் குறியிடாவிட்டால், கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பின்னர் செய்த வேலை வீணாகும். கையிருப்புப் பணிகளை ஒரு நாள் அளவுக்கு மேல் வைத்தால் கெடு தவறக்கூடும். கணினியில் ஒருமுறை விருப்பங்களை மாற்றிவிட்டால் இணையக் கணக்கில் செய்யும் மாற்றங்கள் அங்கே செல்லாது என்பது, பல கணினிகள் வைத்திருப்போரைக் குழப்பும் வடிவமைப்பு.

நல்ல காற்றோட்டமுள்ள மேசைக் கணினிக்கு, மேற்கண்ட மாற்றங்களோடு, பாயிங்கைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மடிக்கணினிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் குளிர்விப்பு நாள் முழுக்க ஓடும் சுமைக்காகச் செய்யப்பட்டதன்று.