தெரியாமல் கலந்து கொடுக்கும் குடிமறப்புப் பொடியை நம்பாதீர்கள்

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம், ஒரே மண்டலத்தில் மறப்பார்." பேருந்து நிலையச் சுவரில் இந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மா 4,500 ரூபாய் கட்டியிருக்கிறார். தோட்டை அடகு வைத்த பணம். கொரியரில் 21 பொட்டலம் வந்தது. மருந்தின் பெயர், தயாரித்தவர் பெயர், தேதி, பேட்ச் எண் எதுவும் கிடையாது.

மூன்றாம் நாள் ராத்திரி அண்ணன் வழக்கம்போல குடித்துவிட்டு வந்தார். வாசலைத் தாண்டவில்லை. முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகி, நெஞ்சு படபடக்க, குடல் வெளியே வருவதுபோல வாந்தி. "வாந்தி எடுத்தால் மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம்" என்று விற்றவன் சொல்லியிருந்ததால் அம்மா வாயே திறக்கவில்லை. அதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பிரஷர் ரொம்ப இறங்கியிருந்தது. "என்ன கொடுத்தீங்க?" என்று டாக்டர் மூன்றாவது முறை கேட்டபோதுதான் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார் அம்மா.

குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருக்கலாம் என்றார் டாக்டர். உடம்பு சாராயத்தை உடைக்கும்போது அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகும். வழக்கமாக அதுவும் உடனே கரைந்துவிடும். இந்த மருந்து அதைக் கரையவிடாது. அதற்கு மேல் குடித்தால் உயிரே போகலாம். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இதன் வேகம் இருக்கும். ஈரலையும் இதயத்தையும் சோதித்து, நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்தால்தான் கொடுப்பார்களாம்.

விற்றவனைக் கூப்பிட்டால், "அளவு கூடியிருக்கும், அடுத்த கோர்ஸ் வாங்குங்க" என்றான். அப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை. மீதிப் பொட்டலங்களோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் மனு கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்று: தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் அடைத்து வைத்துத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். 14446 என்பது போதை மீட்புக்கான இலவச எண். மன உளைச்சலுக்கு 14416.

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே டாக்டர்கிட்ட வந்திருப்பேனே" என்றார் அண்ணன். இப்போது வாராவாரம் போகிறார். ஆனால் அம்மா போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவதில்லை, சட்டியிலிருந்து தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.