வாடகை ஸ்டோர்ல நெல்லுப் போடுற ஆக்கள் ஒருக்கா வாசிங்க

எழுதாம விடுவம் எண்டுதான் இரிந்தன், ஆனா எங்கட வயல் வட்டையில இன்னும் ரெண்டு பேர் நான் போட்டு ஏமாந்த அதே ஸ்டோர் முதலாளிட்ட நெல்லுப் போடப் போறாங்களாம், அதான்.

2025 மாசி, பெரும்போக வெள்ளாமை. அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு கிலோ 120 எண்டு அறிவிச்சிட்டு, ஆனா நெல் சந்தைப்படுத்தல் சபைக்குக் குடுக்க ஈரம் 14 வீதத்துக்குள்ள இரிக்கணும், மெஷின்ல வெட்டி அப்பிடியே வந்த நெல்லு எங்க அந்தக் கணக்குக்கு வாற, மழையும் விடல்ல. தார் ரோட்டில கிடைச்ச வெயிலுக்குக் காயப்போட்டு, 60 மூடையை கொக்கட்டிச்சோலையில இரிந்து மண்முனைப் பாலத்தால வாவிக்கு அங்கால எழுவான்கரைக்கு ஏத்திப் போய் ஒரு ஸ்டோர்ல வாடகைக்குப் போட்டன், விலை ஏறக்குள்ள விப்பம் எண்ட நப்பாசை. முதலாளிட்ட ஈரம் பாக்கிற மெஷினெல்லாம் இல்ல. ரெண்டு நெல்லைப் பல்லால கடிச்சிட்டு "நல்லாக் காஞ்சிரிக்கு தம்பி, இறக்குங்க" எண்டார். துண்டு தந்தது கொப்பித் தாள்ல, "60 மூடை" எண்டு மட்டும். அதையும் மடிச்சு பொக்கற்றுக்குள்ள வெச்சன் பாருங்க, அது என்ட மடத்தனம்.

ஆனியில எடுக்கப் போனா மூடை 60உம் சரி. தராசில வெச்சாத்தான் விசயம் தெரியுது, 66 கிலோ கட்டினது 61, 62 நிக்குது. "காஞ்சு குறைஞ்சிரிக்கும்" எண்டார். 16 வீத ஈரம் 14க்கு இறங்கினாலும் 66 கிலோவுக்கு ஒண்டரைக் கிலோதான் குறையும், மிச்சம் எங்க போன? காஞ்சதெண்டா அடி வரிசை எப்பிடிப் புழுங்கின? பலகை போடாம வெறும் சீமெந்தில, செவரோட ஒட்டி அடுக்கியிரிக்கார். சாக்குக்குள்ள கையை விட்டா சூடு, புளிச்ச மணம், உரிச்சுப் பாத்தா அரிசி மஞ்சள்.

மறுகா இன்னொண்டு. நான் போட்டது 94/1 எண்ட இனம், வெள்ளை நெல்லு. ஏழெட்டு மூடையில சிவப்பு நெல்லு கலந்திரிக்கு, நான் சிவப்பு விதைச்சே அஞ்சு வருசம். சத்தம் போட்டா துண்டை வாங்கிப் பாத்திட்டு, "60 எண்டுதானே இரிக்கு, 60 தந்திட்டன் தானே?"

வாடகையில ஒரு சதம் குறைக்கல்ல.

போடத்தான் வேணுமெண்டா உங்களுக்கு முன்னுக்கு நிறுக்கச் சொல்லி கிலோ, இனம், ஈரம் மூண்டையும் துண்டில எழுதுவிங்க, சாக்கில பெயின்ற்றால அடையாளம் போடுங்க, மாசத்துக்கு ஒருக்கா போய் கையை விட்டுப் பாருங்க. உள்ள விடமாட்டன் எண்டா அண்டைக்கே ஏத்திருங்க.

அந்த மஞ்சள் அடிச்ச 11 மூடையையும் மில்காரர் கோழித்தீன் விலைக்குத்தான் எடுத்தார்.