நின்றே கெடும் டயர்: சிங்கப்பூரில் படகு டிரெய்லர் பராமரிப்பு

சிங்கப்பூரில் படகு டிரெய்லரின் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். மாதக்கணக்கில் வெயிலில் கிடக்கும். ஓடும் நாளிலோ முழுச் சுமையோடு ஓடவேண்டும். சாலையைத் தொடும் பட்டன் புதிதுபோல இருக்கும்போதே ரப்பர் வறண்டு, பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். அதனால் தேய்மானத்தைவிட வயதைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி என்று தொடங்கும் குறியீட்டு வரிசையின் கடைசி நான்கு எண்கள் 2321 என்றால், 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. சில டயர்களில் இது உட்பக்கம் மட்டுமே இருக்கும், குனிந்துதான் பார்க்கவேண்டும். 5 ஆண்டு ஆனால் மாற்றத் தயாராகுங்கள். 6 தாண்டினால் வேண்டவே வேண்டாம். ஸ்பேர் டயருக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது காற்று. காருக்கு அடிப்பதுபோல 35 பி.எஸ்.ஐ அடித்துவிட்டுக் கிளம்புவதுதான் பெரிய ஆபத்து. எஸ்.டி 205/75 ஆர்14, லோடு ரேஞ்ச் சி (சுமைத் தரம்) என்ற டிரெய்லர் டயர் 50 பி.எஸ்.ஐயில் சுமார் 800 கிலோ தாங்கும். 35இல் அது ஏறக்குறைய 650 கிலோவாகிவிடும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அந்தச் சூட்டில்தான் உள்பட்டை பிரிந்து டயர் வெடிக்கிறது. பக்கச்சுவரில் போட்டிருக்கும் அழுத்தத்தை விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். ஓடியபின் அளவு ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக்கூடாது. இரட்டை அச்சு டிரெய்லரில் ஒரு டயர் போனால், அதே பக்கத்து இன்னொரு டயரையும் கழற்றிச் சோதியுங்கள். அந்தப் பக்கச் சுமை முழுவதையும் அதுதான் தாங்கியிருக்கும்.

டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும், வால்வில் திருகும் டி.பி.எம்.எஸ் சென்சார் நிச்சயம் வாங்கவேண்டிய பொருள். பின்னால் வரும் டயரில் மெல்லக் காற்று இறங்குவது ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சென்சாரின் எடையில் ரப்பர் வால்வு ஆடி அடியில் விரிசல் விடும், ஆகவே உலோக வால்வு போட்டுக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீர் பட்டால் சென்சாரின் அலுமினிய மரையும் பித்தளை வால்வும் ஒன்றோடொன்று இறுகிவிடும். படகை இறக்குமுன் சென்சாரைக் கழற்றி, வழக்கமான மூடியைத் திருகிவிடுவதே நல்லது. எச்சரிக்கை அளவைக் குளிர்ந்த அழுத்தத்துக்கு 15 சதவீதம் கீழே வையுங்கள்.

டயரைவிட அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது பேரிங். நீண்ட ஓட்டத்துக்குப்பின் சூடாக இருக்கும் ஹப்பை (பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கர நடுப்பகுதி) அப்படியே கடலில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புத்தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கையால் தொடும் சூட்டுக்கு ஆறியபிறகு இறக்குங்கள். வெளியே எடுத்ததும் ஹப், பிரேக், இலை ஸ்பிரிங் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பேரிங்கைக் கழற்றவேண்டும். கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். சீலை மாற்றாமல் புதுக் கிரீஸ் மட்டும் திணிப்பதில் பயனில்லை. பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு, என்.எல்.ஜி.ஐ 2 என்ற கெட்டித் தர மரைன் கிரீஸை உருளைகளுக்கு இடையில் அழுத்தி நிரப்புங்கள். சக்கரத்தைச் சுழற்றியபடியே நடு நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கட்டும்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் நட்டுகளை எதிரெதிராக இறுக்கவேண்டும். அரை அங்குல ஸ்டட்டுக்கு 120 முதல் 160 நியூட்டன் மீட்டர். 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள். மலேசியாவின் வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் போகிறவர்களுக்கு மாச்சாப் ஓய்வுத்தளம் அதற்குத் தோதான இடம். அங்கேயே புறங்கையை ஒவ்வொரு ஹப்புக்கும் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால், பேரிங்கோ பிரேக்கோ சிக்கியிருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் மேலே ஓட்டாதீர்கள்.