கொழும்பு வளவுக்குக் கொக்கோ: விதைக்கன்றா, ஒட்டுக்கன்றா?

கொக்கோ என்றால் மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கத்துப் பயிர் என்றுதான் நினைப்போம். ஆனால் கொழும்பின் வெக்கையும் ஈரமும் அதற்கு நன்றாகவே ஒத்துவரும். உப்புக்காற்று நேரே அடிக்கும் வெள்ளவத்தைக் கடற்கரையோரமும், மழைத்தண்ணீர் நாட்கணக்கில் நிற்கும் களனிக்கரைப் பள்ளங்களும் சரிவராது. மற்றப்படி தென்னையோ பலாவோ நிழல் விழுத்தும் வளவில் தாராளமாக வைக்கலாம். நாற்றுமேடையில் போய் நிற்கும்போதுதான் கேள்வி வரும்: விதையில் முளைத்த கன்றா, ஒட்டுக்கன்றா?

விதைக்கன்று மலிவு. ஒட்டுக்கன்றுக்குக் காசு கூட, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். விதைக்கன்றுக்கு மூன்று நான்கு வருடம் பிடிக்கும். பெரும்பாலானோர் இதை மட்டும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். ஒரு வருட வித்தியாசம் பெரிய விஷயமே இல்லை. மரம் வளரும் விதமும் காய் பிடிக்கும் விதமும்தான் முக்கியம்.

விதைக்கன்று ஒற்றைத் தண்டாக நேரே ஏறும். மூன்றிலிருந்து ஐந்தடி உயரத்தில் நுனி நின்றுவிட, அந்த ஒரே இடத்திலிருந்து மூன்று முதல் ஐந்து கிளைகள் குடைக்கம்பி போலச் சுற்றிவர விரியும். பிறகு அந்தக் கவருக்குக் கீழிருந்து ஒரு நேர்த்தளிர் கிளம்பி, மேலே இரண்டாவது தட்டுக் கட்டப் பார்க்கும். மாதம் ஒருமுறை பார்த்து, இளசாக இருக்கும்போதே கையால் கிள்ளிவிட வேண்டும். விட்டால் மரம் கூரைக்கு மேல் போய்விடும்.

ஒட்டுக்கன்றில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் பக்கக்கிளையின் மொட்டு. அது கிளையின் குணத்தோடேயே வளரும். கவர் வராது, தொடக்கத்திலிருந்தே தாழப் படர்ந்து பற்றையாகும். முதல் வருடம் ஒரு தடி நட்டுக் கட்டி, நல்ல கிளை மூன்றை வைத்துக்கொண்டு, மண்ணைத் தொடப் பார்க்கும் கிளைகளை வெட்டி இடுப்பளவு தூக்கிவிட வேண்டும். ஒட்டுக்கன்றுக்கு ஆணிவேர் இல்லை, காற்றுக்குச் சாயும் என்று ஒரு பேச்சு உண்டு. அது தண்டு நட்டு வேர்பிடிக்க வைத்த கன்றுக்குத்தான் பொருந்தும். ஒட்டுக்கன்றின் அடிக்கட்டை விதையில் முளைத்தது, ஆணிவேர் இருக்கிறது. உண்மையான ஆபத்து வேறு: ஒட்டுக்குக் கீழே அடிக்கட்டை துளிர்த்தால், ஒட்டை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும். இலையைப் பார்த்தே பிடிக்கலாம். ஒட்டின் கிளையில் இலைகள் இரண்டு வரிசையாக, இடம் வலமாக இருக்கும். அடிக்கட்டைத் துளிரில் தண்டைச் சுற்றிச் சுருளாக ஏறும், காம்பும் நீளம்.

இனி, வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம். பல கொக்கோ மரங்கள் தன் மகரந்தத்தை ஏற்காது. பூக்கள் தண்டிலும் கிளையிலும் கொத்துக்கொத்தாக வரும், எல்லாம் கொட்டும். ஒட்டுக்கன்றில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு: ஒரே தாய்மரத்தில் எடுத்த ஒட்டு பத்து வைத்தாலும் அது ஒரு மரத்துக்குச் சமம். விதைக்கன்றோ ஒவ்வொன்றும் தனி. ஆகவே கன்று வாங்கும்போது தாய்மரத்தின் பெயரையோ இலக்கத்தையோ கேளுங்கள். வேறு வேறு தாய்மரத்து ஒட்டு இரண்டை எட்டுப் பத்தடி இடைவெளியில் வைப்பதே எங்கள் தெரிவு. ஒன்றுக்குத்தான் இடம் என்றால், தானே காய்பிடிக்கும் வகையின் ஒட்டு வேண்டும்; தெரியாத ஒற்றை விதைக்கன்று அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மகரந்தம் சேர்ப்பது தேனீ அல்ல, குண்டூசித் தலையளவு சிற்றீ. அது அழுகும் சருகிலும் வாழைத்தண்டிலும் பெருகும். டெங்குப் பயத்தில் கொழும்பில் சருகை ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளுகிறோம். நுளம்பு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில், ஈரச்சருகில் அல்ல. மரத்தடியில் சருகையும் வெட்டிய வாழைத்தண்டையும் விடுங்கள். தண்ணீர் ஏந்தும் சிரட்டையையும், உடைத்த கொக்கோக் கோதையும் மட்டும் அகற்றுங்கள். கையாலும் சேர்க்கலாம்: காலையில் மற்ற மரத்துப் பூவொன்றைப் பறித்து இதழ்களைக் கிள்ளினால், இதழ்ப்பையில் ஒளிந்திருக்கும் மகரந்தப்பைகள் வெளியே வரும். காய்க்க வேண்டிய பூவின் நடுவே வேலி போல் நிற்கும் சிவந்த இழைகளில் இரண்டை ஒடித்து, உள்ளே இருக்கும் சூல்தண்டில் அந்த மகரந்தப்பைகளை மெல்லத் தேய்க்க வேண்டும்.

மழை விஷயத்தில் விதைக்கன்றுக்கு ஒரு புள்ளி அதிகம். கொழும்பில் மேயிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொட்டும் மழைக்குக் கரும்காய் நோய் வரும். பூசணம் மண்ணிலும் இருப்பதால், தெறிக்கும் சேற்றோடு தாழத் தொங்கும் காயில் ஏறும். ஒரு மண்ணிறப் புள்ளி இரண்டு வாரத்துக்குள் முழுக்காயையும் கறுப்பாக்கிவிடும். ஒட்டுக்கன்றை இடுப்பளவு தூக்கச் சொன்னது இதற்காகவும்தான். தென்னோலை, பொச்சு, சருகு எதுவானாலும் நான்கு விரல் தடிப்புக்குப் பத்திரக்கலவை (மண்ணை மூடும் படை) போடுங்கள், தண்டில் முட்டாமல். கறுத்த காயை உடனே வெட்டித் தூரத்தில் புதையுங்கள்.

நடுகை இரண்டுக்கும் ஒன்றே. குழி இரண்டடிச் சதுரம், இரண்டடி ஆழம். கபுக் கல் (செம்புறைக்கல்) தட்டினால் அலவாங்கால் உடைத்து இறக்குங்கள். இல்லாவிட்டால் ஆணிவேர் மடங்கும். மேல்மண்ணோடு பாதிக்குப் பாதி கூட்டெரு. மே மழை தொடங்கியதும் நட்டால் ஜனவரி வெயிலுக்குள் வேர் பிடித்துவிடும். பக்கத்தில் வாழை முதல் இரண்டு வருட நிழலுக்குப் போதும்.

விதையில் தொடங்குபவர் பழுத்த காயை உடைத்த அன்றோ மறுநாளோ போட வேண்டும். சாம்பலில் தேய்த்து வழுவழுப்பை எடுத்து, அகன்ற முனை கீழே இருக்க ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள். காய்ந்த விதை முளைக்காது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த விதையும் செத்துவிடும்.

பூ காயாகி முற்ற ஐந்தாறு மாதம். பச்சைக்காய் மஞ்சளாகும், சிவப்புக்காய் செம்மஞ்சளாகும். இங்கே ஒட்டுக்கன்று வெல்கிறது: எல்லாக் காயும் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் கத்தரிக்கோலால் காம்பை நறுக்கென்று வெட்டலாம். உயர்ந்த மரத்தில் கொக்கத்தடியால் இழுத்தால் காம்போடு பட்டையும் உரியும். காம்பு பொருந்திய அந்தச் சிறு மேட்டில்தான் அடுத்த பூவும் வரும். அது கிழிந்தால் அந்த இடம் பிறகு காய்க்காது.