முகம் பார்த்து ஆஜர் போடும் மெஷின் வாங்கப் போகிறீர்களா? 1,85,260 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நாகரிகமாக எழுதிவிடுவேன், அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. 1,85,260 ரூபாய் கட்டி வாங்கிய இரண்டு மெஷின்கள் எங்கள் கம்பெனிச் சுவரில் தொங்குகின்றன. யார் முகத்தைக் காட்டினாலும் லைசன்ஸ் முடிந்துவிட்டது என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டுகின்றன. கட்டியது மூன்று வருஷத்துக்கான பணம். மூன்று மாசம்கூட ஓடவில்லை.

திருப்பூரில் நாங்கள் நடத்துவது ஜாப் ஒர்க் யூனிட், அதாவது மற்ற கம்பெனிகளின் ஆர்டருக்குக் கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கிறோம். தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 60 பேர். உற்பத்தியை வீட்டுக்காரர் பார்க்கிறார், கணக்கும் சம்பளமும் என் பொறுப்பு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு, ஆர்டர் தருகிறவர்கள் ரேட்டைப் பைசா பைசாவாகக் குறைத்துப் பேச ஆரம்பித்தார்கள். கரண்ட் பில்லும் வாடகையும் நம் கையில் இல்லை. கூலியைக் குறைத்தால் டெய்லர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார், போவதுதான் நியாயமும். ஆகக் கூலியைத் தொடாமல் செலவைக் குறைக்க வேண்டுமென்றால், நேரம் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். வெட்டிய துணிக் கட்டான பண்டில் எந்த மெஷினில் தேங்குகிறது, ஓவர்லாக் தையல் முடிந்தும் அடுத்த பேட்லாக் தையல் மெஷின் ஏன் சும்மா நிற்கிறது, ஒருத்தர் வந்து இரண்டு பேருக்கு ஆஜர் போடுவது யார், இதெல்லாம் தெரிய வேண்டும். அதற்குத்தான் சாப்ட்வேர் தேடினோம்.

முன்னாலும் சிலர் வந்து மடிக்கணினியைத் திறந்து படம் காட்டினார்கள். ஒன்றரை ஷிப்ட் என்று சொன்னாலே, அப்படியென்றால் என்ன மேடம் என்று கேட்டார்கள். அவர்களை டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். இந்த மெஷினை விற்றவர்கள் அனுப்பிய தம்பி அப்படி இல்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே, "அக்கா, காலைல எட்டரைக்கு வந்து அஞ்சரைக்குப் போனா ஒரு ஷிப்ட், ஒம்பது வரைக்கும் இருந்தா ஒன்றரை, அதானுங்க? பீஸ் ரேட் டெய்லர் தனி, ஷிப்ட் சம்பளம் வாங்கற கைமடி தனி. இது திருப்பூருக்குன்னே செஞ்சதுங்க" என்றார். டெய்லருக்குக் கை உதவியாக நிற்கிறவரைக் கைமடி என்போம், அந்தச் சொல்லே தெரிந்திருக்கிறதே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. செக்கிங் டேபிளில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு மெஷின் முன்னால் நிறுத்தினார். அவள் பெயர் தமிழிலேயே திரையில் வந்தது. அவள் சிரித்தாள், எல்லோரும் சிரித்தோம். கொட்டேஷனின் பின்பக்கம் பேனாவால் "1, 1½, 2 ஷிப்ட் ஓகே. பீஸ் ரேட் ஓகே. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. ஓகே" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்கு என்ன மதிப்பு என்பதைக் கீழே சொல்கிறேன்.

மெஷின் இரண்டுக்கு 34,000. சாப்ட்வேருக்கு ஆளுக்கு மாசம் 50 ரூபாய் வீதம், 60 பேருக்கு மூன்று வருஷத்துக்கு 1,08,000. மாட்டிக் கொடுத்துப் பழக்கிவிட 15,000. மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக 1,85,260 ரூபாய். வருஷா வருஷம் கட்டுகிறோம் என்றோம். மொத்தமாகக் கட்டினால்தான் இந்த ரேட், அதுவும் மாசக் கடைசிக்குள் என்றார்கள். கட்டினோம்.

முதல் கோளாறு ஆர்டர் அவசரத்தில் தெரிந்தது. லோடு ஏற்ற வேண்டியிருந்ததால் பேக்கிங் பசங்க ராத்திரி ஒன்றரை வரை இருந்தார்கள். போகும்போது முகம் காட்டிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு மணி தாண்டிவிட்டதால், அதை மறுநாள் வேலைக்கு வந்த நேரமாக எடுத்துக்கொண்டது அந்த மெஷின். காலை எட்டரைக்கு வந்து முகம் காட்டியது வேலை முடிந்து போன நேரமாம். ஆகப் பையன் வீட்டில் தூங்கிய ஏழு மணி நேரம் வேலைக் கணக்கில் ஏறிவிட்டது, நிஜமாக வேலை பார்த்த பகல் முழுக்க ஆப்சென்ட்! சனிக்கிழமை சம்பளம் போட உட்கார்ந்து, கடைசியில் பழைய ஆஜர் நோட்டைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் கொடுத்தேன்.

அடுத்தது இன்னும் மோசம். மாசச் சம்பளச் சீட்டை அச்செடுத்துக் கொடுத்ததும் ஒரு டெய்லரம்மா திரும்பி வந்து, "ஏனுங்கக்கா, 14,000-க்கு ஈ.எஸ்.ஐ. 245 ரூபாய் பிடிச்சிருக்கீங்க, எப்பவும் 105 தானுங்களே?" என்று கேட்டார். ஈ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 1.75 சதவீதம் பிடித்திருக்கிறது. தொழிலாளி பங்கு 0.75 சதவீதமாகவும் முதலாளி பங்கு 3.25 சதவீதமாகவும் குறைந்தது 2019 ஜூலையில். அதற்கு முந்தைய கணக்கைத்தான் புத்தம் புதுசு என்று நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா கேட்காமல் போயிருந்தால், ஆளாளுக்கு அதிகமாகப் பிடித்த பாவம் எங்கள் மேல்தான் விழுந்திருக்கும். பண்டில் ஸ்கேன் கதையைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு பண்டிலுக்கும் போனை எடுத்து இங்கிலீஷ் பட்டனைத் தேடுவதற்குள் டெய்லர் நாலு பீஸ் தைத்துவிடுவார்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. போன் செய்தால் புகார் எண் வரும், ஆள் வரமாட்டார். "டெக்னிக்கல் டீமுக்குச் சொல்லியிருக்கோம் மேடம்." யார் எடுத்தாலும் இதே வரி. அக்கா போய் மேடம் வந்துவிட்டது, கவனியுங்கள். அந்தத் தம்பியைக் கேட்டால் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். பின்பக்கம் எழுதிக் கொடுத்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். கையால் எழுதியது கொட்டேஷனில் சேராது, ராத்திரி ஷிப்ட் கணக்கு வேண்டுமென்றால் தனியாக 45,000 ஆகும் என்று பதில் வந்தது. 1,85,260 வாங்கியது எதற்கு என்று கேட்டேன். லைனைத் துண்டித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மெஷின் லைசன்ஸ் முடிந்துவிட்டது என்று காட்ட ஆரம்பித்தது. விசாரித்தால், எங்களுக்கு விற்றவர்கள் டீலராம். சாப்ட்வேர் கம்பெனி வேறு ஊரில் இருக்கிறது. அவர்கள் கணக்கில் நாங்கள் இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்கும் ஆட்கள், ஒரு பைசா வரவில்லை என்கிறார்கள். டீலரோ அனுப்பிவிட்டோம் என்கிறார். இருவரும் சேர்ந்து எங்களைப் பந்தாடுகிறார்கள். வேறு சாப்ட்வேரில் இந்த மெஷினைச் சேர்க்கலாம் என்றால், அட்மின் பாஸ்வேர்டு அவர்களிடம். மெஷினையும் அவர்கள் சர்வரோடு பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் ஆடிட்டர் ஒரு குண்டு போட்டார். ஜி.எஸ்.டி. போர்ட்டலில், நமக்கு விற்றவர்கள் கணக்குக் காட்டிய பில்கள் வரும் 2பி பட்டியலில் அந்தப் பில்லே வரவில்லை. 28,260 ரூபாய் வரியை வாங்கிக்கொண்டு கணக்கே காட்டவில்லை. நாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியாகக்கூடக் கழித்துக்கொள்ள முடியாது. வக்கீலைக் கேட்டால், தொழிலுக்கு வாங்கிய பொருளை நுகர்வோர் கோர்ட்டில் எடுப்பது கஷ்டம், சிவில் கோர்ட்தான் என்கிறார். போலீஸிலும் மனு கொடுத்திருக்கிறோம்.

பணத்தைவிட வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. 60 பேரின் முகம், ஆதார் எண், பேங்க் கணக்கு எண் எல்லாம் அவர்கள் சர்வரில் கிடக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த பையன்களும் எங்களை நம்பித்தான் முகத்தைக் காட்டினார்கள். அழித்துவிடுங்கள் என்று மெயில் போட்டேன், பதில் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டம் வந்துவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால், வாங்கிக் கொடுத்த எங்களைத்தான் கேட்பார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. மொத்தமாகக் கட்டாதீர்கள், மாசா மாசம் கட்டுங்கள். அட்மின் பாஸ்வேர்டு கையில் வராமல் மீதிப் பணம் தராதீர்கள். ராத்திரி பன்னிரண்டைத் தாண்டிய ஷிப்டையும் ஒரு ஈ.எஸ்.ஐ. கணக்கையும் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பணம் யார் கணக்குக்குப் போகிறது, பில் 2பி-யில் ஏறியதா என்று பாருங்கள். ஆதார் எண்ணை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இதே மாதிரி, பின்பக்கம் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் வேறு யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குச் சொல்லுங்கள். தனித்தனியாக அலைவதற்குப் பதில் சேர்ந்தே வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம்.